மக்பெத்தின் புகழ்பெற்ற வரிகளை எப்படிப் படிப்பது?

"வாழ்க்கை என்பது ஒரு முட்டாள் சொல்லும் கதை. சத்தமும் ஆவேசமும் நிறைய இருக்கும், அர்த்தம்தான் ஒன்றும் இருக்காது." இந்த வரியை ஷேக்ஸ்பியர் படத்தோடு சேர்த்து, கீழே அவர் பெயரையும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஏதோ அவர் வாழ்ந்து களைத்துக் கடைசியில் கண்டுபிடித்த தத்துவம் போல. உண்மையில் அதைச் சொல்வது அவருடைய 'மக்பெத்' நாடகத்தில் வரும் மக்பெத் என்ற பாத்திரம். வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தூங்கிக்கொண்டிருந்த அரசனைக் கொன்றவன், நண்பனை ஆள் வைத்து முடித்தவன், இன்னொரு பிரபுவின் மனைவி மக்களை வெட்டச் சொன்னவன். இப்போது எதிரிப்படை கோட்டையை நெருங்கிக்கொண்டிருக்கிறது, மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்கு வாழ்க்கை அர்த்தமில்லாமல் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

துன்பியல் நாடகம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நாடகத்தில் ஆசிரியர் பேசுவதே இல்லை. ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர், யாரிடமோ, ஏதோ ஒரு நெருக்கடியில் சொல்கிறார். அதனால் ஒரு புகழ்பெற்ற வரியைப் பார்த்ததும் சொல்வது யார், கேட்பது யார், அதற்குச் சற்று முன் நடந்தது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் பெரும்பாலான வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதுதான். என்னைக் கேட்டால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம்: இந்த வரி இதே நாடகத்தில் முன்னால் வந்த எந்த வரிக்குப் பதில்? மக்பெத்தில் புகழ்பெற்ற வரிகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருகின்றன. ஒன்று ஆரம்பத்தில் வரும், அதன் எதிரொலி மூன்று அங்கம் தாண்டிக் கேட்கும். நாடகத்தின் கருப்பொருள் என்று சொல்கிறோமே, அது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்காட்லாந்து அரசன் டங்கனின் தளபதி மக்பெத். போரில் வென்று நண்பன் பாங்கோவோடு திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். நீ கோடர் பிரபு ஆவாய், பிறகு அரசன் ஆவாய் என்கிறார்கள். பாங்கோவிடம், நீ அரசனாக மாட்டாய், உன் வம்சம் ஆளும் என்கிறார்கள். கோடர் பட்டம் உடனே கிடைத்துவிடுகிறது. மனைவியின் தூண்டுதலில் மக்பெத் டங்கனைக் கொன்று அரசனாகிறான். அந்தப் பதவியைக் காப்பாற்றக் கொலைமேல் கொலை செய்கிறான். மனைவிக்குச் சித்தம் கலங்குகிறது. கடைசியில் மக்டஃப் என்ற பிரபு அவனைக் கொல்கிறான். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இது. எழுதியது 1606 வாக்கில் என்பார்கள், அச்சில் வந்தது அவர் இறந்தபின் 1623இல். வரலாற்றில் இருந்த மக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவன். டங்கனைத் தூக்கத்தில் அல்ல, போரில் கொன்றவன். நாடகத்துக்கும் அவனுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கடலும் கொஞ்சம் தண்ணீரும்

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. கொலை மேடையில் நடப்பதில்லை. மக்பெத் அறையிலிருந்து வெளியே வருவதைத்தான் பார்க்கிறோம். கையெல்லாம் ரத்தம். பழி அவர்கள்மேல் விழும்படி டங்கனின் காவலர்கள் பக்கத்தில் போட்டுவிட்டு வர வேண்டிய கத்திகளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதைக்கூடக் கவனிக்காமல் வேறொன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பக்கத்து அறையில் தூக்கத்தில் ஒருவன் "கடவுளே காப்பாற்று" என்றானாம், இன்னொருவன் "ஆமென்" என்றானாம், இவனுக்கு மட்டும் ஆமென் என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டதாம். "இனித் தூக்கமில்லை, மக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்" என்று ஒரு குரல் கேட்டதாம். மனைவி சொல்கிறாள்: "இந்தக் காரியங்களை இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது. யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும்." இந்த வரியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் போய்க் கத்திகளை வைக்கமாட்டேன் என்று அவன் மறுக்க, அவளே வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். இப்போது அவன் தனியாக நிற்கிறான். எங்கோ கதவு தட்டப்படுகிறது. தன் கைகளைப் பார்த்துச் சொல்கிறான்: "இந்த ரத்தத்தைப் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தாலும் கழுவிவிடுமா? இல்லை. என் கைதான் கடல்களையெல்லாம் சிவப்பாக்கிவிடும்." அவள் திரும்பி வருகிறாள், அவள் கையிலும் ரத்தம். "என் கையும் உங்கள் கை நிறம்தான். ஆனால் உங்களைப் போல வெளிறிய நெஞ்சை வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கும்" என்கிறாள். அப்புறம் அந்த வரி: "கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தக் காரியத்தைக் கழுவிவிடலாம்."

வரிசையைக் கவனியுங்கள். அவன் கடலைப் பற்றிச் சொன்னபோது அவள் அறைக்குள் இருந்தாள், அது அவள் காதில் விழவில்லை. தண்ணீர் போதும் என்று அவள் சொல்வது அவனுக்குப் பதில் அல்ல. இரண்டையும் கேட்டது பார்வையாளர்களாகிய நாம் மட்டும்தான். ஒரே வீட்டில், ஒரே ரத்தத்தோடு நிற்கும் இரண்டு பேர் இரண்டு வேறு உலகங்களில் இருக்கிறார்கள் என்பதை யாரும் விளக்காமலே நாம் தெரிந்துகொள்கிறோம்.

இதற்கான பதில் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் வருகிறது. நள்ளிரவு. ஒரு மருத்துவரும் அரசியின் பணிப்பெண்ணும் மறைந்து நின்று பார்க்கிறார்கள். லேடி மக்பெத் கையில் மெழுகுவர்த்தியோடு தூக்கத்தில் நடந்து வருகிறாள். எப்போதும் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் உத்தரவு. முன்பு இருட்டே வா என்று கூவி அழைத்தவள் இவள். விளக்கை வைத்துவிட்டுக் கைகளைத் தேய்க்கிறாள், தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கால் மணி நேரம்கூட இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்கிறாள் பணிப்பெண். "போ, பாழாய்ப்போன கறையே, போய்த் தொலை!" என்ற வரி இங்கேதான் வருகிறது. சற்றுத் தள்ளி, "அந்தக் கிழவருக்குள் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?" என்கிறாள். பிறகு, "ரத்த வாடை இன்னும் போகவில்லையே. அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது."

அவன் கடலைச் சொன்னான், அவள் வாசனைத் திரவியத்தைச் சொல்கிறாள். அவனுக்குக் கண்ணில் தெரிந்தது, அவளுக்கு மூக்கில் ஏறுகிறது. அவனுடைய வரியில் உலகம் முழுவதும் சிவக்கிறது. அவள் வரியில் ஒரு சின்னக் கை மட்டும். என் கணக்கில் அவளுடைய வரிதான் பயங்கரமானது, ஏனென்றால் அதில் அலங்காரமே இல்லை. ஷேக்ஸ்பியரின் உயர்குடிப் பாத்திரங்கள் பொதுவாகச் செய்யுளில்தான் பேசும். இதுவரை அவளும் அப்படித்தான் பேசினாள். இந்தக் காட்சியில் மட்டும் துண்டு துண்டான உரைநடை. யோசித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கணவனுக்குச் சொன்னாளே, அது அவளுக்கே நடந்துவிட்டது.

தேர்வில் இதற்கு "குற்ற உணர்வு" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சொல் இருவருக்குமே பொருந்தும், அதனால் எதையும் சொல்வதில்லை. நாடகம் காட்டுவது அந்த உணர்வு வரும் நேரத்தை. மக்பெத் கத்தியைத் தொடும் முன்பே அதை முன்பணமாகக் கட்டிவிட்டான். அவளுக்கு வட்டியோடு சேர்ந்து கடைசியில் வந்தது. முதலில் நடுங்கியவன் போகப்போக மரத்துப்போகிறான், முதலில் கல்லாக நின்றவள் உடைந்துபோகிறாள். நாடகத்தின் நடுவில் எங்கோ இருவரும் ஒருவரையொருவர் கடந்து எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள்.

முடிந்ததா?

அடுத்த எதிரொலி மூன்று இடங்களில் கேட்கிறது. முதலாம் அங்கம் ஏழாம் காட்சியில், உள்ளே டங்கனுக்கு விருந்து நடக்கும்போது, மக்பெத் எழுந்து வெளியே வந்து தனியாக நிற்கிறான். "செய்வதோடு இது முடிந்துவிடும் என்றால், சீக்கிரம் செய்துவிடுவதே நல்லது" என்று தொடங்குகிறது அந்தத் தனிமொழி. முடியாது என்று அவனுக்கே தெரியும். பட்டியல் போடுகிறான்: டங்கன் என் உறவினர், நான் அவர் குடிமகன், இன்று அவர் என் விருந்தாளி, அவரைக் கொல்ல வருகிறவனுக்குக் கதவடைக்க வேண்டிய நானே கத்தி எடுப்பதா, அதுவும் எவ்வளவு நல்ல மனிதர். கொல்வதற்கு அவனிடம் இருக்கும் ஒரே காரணம், துள்ளிக் குதித்து மறுபக்கம் விழும் பேராசை. அதையும் அவனே சொல்கிறான்.

இதனால்தான் மக்பெத்தைப் "பேராசையின் கதை" என்று ஒரு வரியில் முடிப்பது எனக்கு ஒப்புவதில்லை. பேராசைக்காரர்களுக்குக் கண் மறைக்கும் என்பார்கள். இவனுக்கு எதுவுமே மறைக்கவில்லை. செய்தால் என்ன ஆகும் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு செய்கிறான். அரசனான பிறகு ஒரு நாள்கூட அவன் மகிழ்ச்சியாக இருந்ததாக ஒரு வரியும் இல்லை.

இரண்டாவது இடம், மூன்றாம் அங்கம். இப்போது அவன் அரசன், அவள் அரசி. தூக்கமில்லாமல் தவிக்கும் கணவனிடம் அவள் சொல்கிறாள்: "மாற்ற முடியாததை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முடிந்தது முடிந்ததுதான்." இதையும் ஆறுதல் வாக்கியமாக எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நாமும் "நடந்தது நடந்துபோச்சு, விடு" என்று சொல்வதுண்டு. ஆனால் இதற்குச் சில நொடிகள் முன்னால், அவன் உள்ளே வருவதற்குள், அவள் தனியாக என்ன சொன்னாள் தெரியுமா? "எல்லாவற்றையும் செலவழித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கொன்றுவிட்டு நிம்மதியில்லாமல் வாழ்வதைவிட, கொல்லப்பட்டவராக இருப்பதே மேல்." அதாவது அவளுக்கு எதுவும் முடியவில்லை. கணவன் முகத்தைப் பார்த்ததும் தன் தவிப்பை மறைத்துக்கொண்டு தைரியம் சொல்கிறாள். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று அவளைத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த நான்கு வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது, அதே தூக்க நடைக் காட்சியின் முடிவு. "செய்ததைச் செய்யாததாக ஆக்க முடியாது. படுக்கப் போகலாம், படுக்கப் போகலாம்." இதுதான் அவள் மேடையில் பேசும் கடைசிப் பேச்சு. முதல் அங்கத்தில் மக்பெத் கேட்ட கேள்விக்கு ஐந்தாம் அங்கத்தில் அவள் பதில் சொல்லிவிட்டுப் போகிறாள், அவன் அங்கே இல்லை.

சூனியக்காரிகளின் வரி

"நல்லதே கெட்டது, கெட்டதே நல்லது." நாடகம் திறந்ததும் சூனியக்காரிகள் சொல்லும் இந்த வரியை வேதாந்தம் போல விளக்குபவர்கள் உண்டு. அதைவிடச் சுவாரசியமான விஷயம் மூன்றாம் காட்சியில் இருக்கிறது. மக்பெத் மேடைக்கு வந்ததும் பேசும் முதல் வரி: "இவ்வளவு கெட்டதும் நல்லதுமான ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை." அவன் இன்னும் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்கள் பேச்சைக் கேட்கவும் இல்லை. ஆனாலும் அவர்கள் சொற்கள் அவன் வாயில் வந்துவிட்டன. விதி அவனைப் பிடித்துவிட்டதா, இல்லை அவனுக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவர்கள் சொன்னார்களா? நாடகம் பதில் சொல்லாது. ஒன்று மட்டும் நிச்சயம்: அரசன் ஆவாய் என்றார்களே தவிர, கொலை செய் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. பாங்கோவும் அதே இடத்தில் வம்சம் ஆளும் என்ற வாக்கைக் கேட்டான், அவன் யாரையும் கொல்லவில்லை. அற்ப விஷயங்களில் உண்மையைச் சொல்லி நம்ப வைத்து, பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று எச்சரித்ததும் அவன்தான்.

இரட்டைப் பேச்சு அன்றைய லண்டனில் சூடான விஷயம். 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தை அரசனோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டது. மறுஆண்டு அதன் வழக்கில், பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கும் சாமர்த்தியப் பேச்சு பெரிய சர்ச்சையானது. கொலை நடந்த மறு நிமிடம் குடிபோதையில் கதவைத் திறக்க வரும் வாயிற்காவலன் அப்படிப் பேசுகிறவர்களைத்தான் கிண்டல் செய்கிறான். அன்றைய அரசர் முதலாம் ஜேம்ஸ் ஸ்காட்லாந்துக்காரர், சூனியத்தைப் பற்றி 1597இல் தானே ஒரு நூல் வெளியிட்டவர், பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய ஹாலின்ஷெட் வரலாற்று நூலில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் மட்டும் அவன் சுத்தமானவனாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நாளை, நாளை, நாளை

சரி, முதலில் சொன்ன பேச்சுக்கு வருவோம். ஐந்தாம் அங்கம், ஐந்தாம் காட்சி. உள்ளே பெண்கள் அலறும் சத்தம். அரசி இறந்துவிட்டார் என்கிறான் பணியாள். மக்பெத் சொல்வது: "அவள் பிறகு செத்திருக்கலாம். இந்தச் சொல்லுக்கு ஒரு நேரம் வந்திருக்கும்." இதை இரண்டு விதமாக நடிக்கலாம். எப்படியும் ஒருநாள் சாக வேண்டியவள்தானே என்ற அலட்சியம் ஒன்று. துக்கப்பட எனக்கு அவகாசம் கிடைக்கும்போது போயிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். முதலாவது என்றால் அடுத்து வரும் பத்து வரிகள் எதற்கு?

"நாளை, நாளை, நாளை என்று ஒவ்வொரு நாளாக ஊர்ந்து போகிறது... நேற்றைய நாட்கள் எல்லாம் முட்டாள்களுக்கு மண்ணாகும் வழியைக் காட்டின. அணைந்து போ, அணைந்து போ, குறுமெழுகே! வாழ்க்கை நடமாடும் நிழல், மேடையில் ஒரு மணி நேரம் துள்ளிவிட்டு அப்புறம் காணாமல் போகும் ஒரு பாவப்பட்ட நடிகன்..."

இந்த "நாளை" எங்கிருந்து வருகிறது? முதல் அங்கம் ஐந்தாம் காட்சிக்குப் போங்கள். போரிலிருந்து வந்த கணவனிடம், டங்கன் எப்போது கிளம்புகிறார் என்று அவள் கேட்கிறாள். "நாளை, அப்படித்தான் நினைத்திருக்கிறார்" என்கிறான். "அந்த நாளையை ஒருபோதும் சூரியன் பார்க்காது!" என்கிறாள் அவள். அன்று இருவருக்கும் எதிர்காலம் கையில் இருந்தது. வரப்போவதை இந்த நொடியிலேயே உணர்கிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். யாருக்கும் வராமல் தடுத்த அந்த நாளை இப்போது முடிவில்லாமல் அவன் ஒருவனுக்கு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. மெழுகுவர்த்தியும் சும்மா வந்த உவமை இல்லை. நான்கு காட்சிகளுக்கு முன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவள் யார் என்று நமக்குத் தெரியும்.

இந்தப் பேச்சை அவன் முடிக்கக்கூட இல்லை என்பதையும் பாருங்கள். "அர்த்தம் ஒன்றும் இல்லை" என்றதும் ஒரு தூதன் ஓடி வருகிறான், பிர்னாம் காடு நகர்ந்து வருகிறது என்று சொல்ல. அந்தக் காடு நகர்ந்து வரும்வரை அவனுக்குத் தோல்வியில்லை என்பது சூனியக்காரிகளிடம் அவன் கேட்டிருந்த வாக்கு. அர்த்தமில்லை என்று சொன்ன வாய்தான் அடுத்த நிமிடம் ஆயுதம் எடு, மணியை அடி என்று கத்துகிறது. ஆகவே அவனேகூட அந்தத் தத்துவத்தில் நிற்கவில்லை.

ஆண் என்றால்

தனியாகப் படித்துப் பார்க்க ஒரு இழையைக் காட்டிவிடுகிறேன். கொலை வேண்டாம் என்று மக்பெத் பின்வாங்கும்போது மனைவி அவனைக் கோழை என்று குத்துகிறாள். அதற்கு அவன் பதில் நன்றாகவே இருக்கிறது: "ஆணுக்குத் தகுந்ததையெல்லாம் செய்யத் துணிவேன், அதற்கு மேல் துணிபவன் ஆணே இல்லை." ஆனாலும் அவள் "செய்யத் துணிந்தபோதுதான் நீங்கள் ஆண்பிள்ளை" என்று திருப்பி அடிக்க, தோற்றுவிடுகிறான். மூன்றாம் அங்கத்தில் பாங்கோவைக் கொல்லக் கூலியாட்களை அனுப்பும்போது, அவள் தன்மேல் பிரயோகித்த அதே ஆயுதத்தை எடுக்கிறான். நாங்கள் ஆண்கள் என்கிறார்கள் அவர்கள். ஆமாம், பட்டியலில் ஆண்கள்தான், நாய்களில் எல்லா ரகத்தையும் நாய் என்றுதானே எழுதுகிறோம் என்கிறான்.

பிறகு நான்காம் அங்கம். குடும்பத்தை விட்டுவிட்டு இங்கிலாந்து போயிருக்கும் மக்டஃபுக்கு, மனைவியும் குழந்தைகளும் வெட்டப்பட்ட செய்தி வருகிறது. அவனால் நம்ப முடியவில்லை. "என் குழந்தைகள் எல்லாருமா? எல்லாரும் என்றா சொன்னாய்?" டங்கனின் மகன் மால்கம் இளைஞன், அவசரக்காரன். "ஆணைப் போல இதை எதிர்கொள்" என்கிறான். மக்டஃப் சொல்கிறான்: "செய்வேன். ஆனால் ஆணைப் போல இதை உணரவும் வேண்டும்."

நாடகத்தின் கடைசிப் பக்கத்தில், போர் முடிந்த பின், சிவர்ட் என்ற கிழத் தளபதியிடம் அவர் மகன் இறந்த செய்தியைச் சொல்கிறார்கள். காயம் முன்பக்கம்தானே என்று கேட்கிறார். ஆமாம் என்றதும், அது போதும், இதைவிட நல்ல சாவு வேண்டாம் என்கிறார். பக்கத்தில் நிற்கும் மால்கம் குறுக்கிடுகிறான்: "அவனுக்கு இதைவிட அதிகத் துக்கம் தகும். அதை நான் படுவேன்." ஓர் அங்கத்துக்கு முன் மக்டஃபிடம் ஆணைப் போல இரு என்று சொன்ன அதே மால்கம். கிழவர் ஒத்துக்கொள்வதில்லை, இதற்கு மேல் தேவையில்லை என்று முடித்துவிடுகிறார். அந்த நேரத்தில் மக்டஃப் மக்பெத்தின் தலையோடு உள்ளே வருகிறான், அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.